ஆர்டர் போட்டபின் அது எங்கே போகிறது? அமெரிக்கப் பங்குகள், இசிஎன், ரவுட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பங்குகளை ஆன்லைனில் வாங்கி விற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்ற ஆலோசனை எதுவும் இதில் கிடையாது. பொத்தானை அழுத்துவதற்கும் 'ஆர்டர் நிறைவேறியது' என்ற செய்தி வருவதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லப்படும் நேரமெல்லாம் நியூயார்க் நேரம்.

'வாங்கு' என்று அழுத்தியதும் ஆர்டர் நேரே நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போய்விடுகிறதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் புரோக்கரின் கணினிக்குப் போகிறது. கணக்கில் பணம் இருக்கிறதா, 100 என்று அடிக்க நினைத்து 10,000 அடித்துவிட்டீர்களா என்பது போன்ற சோதனைகள் அங்கே நடக்கும். இந்தச் சோதனை இல்லாமல் எந்த ஆர்டரையும் சந்தைக்குள் விடக்கூடாது என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையமான எஸ்இசி 2010-ல் விதி போட்டது.

சோதனை முடிந்ததும் ஆர்டர் 'ரவுட்டர்' கைக்கு வருகிறது. வீட்டில் வைஃபைக்கு வைத்திருக்கும் பெட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஆர்டரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும் மென்பொருள். அதன் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, பதிவுபெற்ற எக்ஸ்சேஞ்சுகள்: என்ஒய்எஸ்இ, நாஸ்டாக், சிபோ, ஐஇஎக்ஸ், மெம்எக்ஸ் என்று ஒரு டஜனுக்கும் மேல் இருக்கின்றன. இரண்டு, மாற்று வர்த்தக அமைப்புகள்: இசிஎன்களும் 'டார்க் பூல்'களும் இந்த வகை. மூன்று, தன் சொந்தக் கையிருப்பிலிருந்தே உங்களுக்கு விற்கவும் உங்களிடமிருந்து வாங்கவும் தயாராக இருக்கும் பெரிய மார்க்கெட் மேக்கர்கள்.

நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கை நியூயார்க் பங்குச்சந்தையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே பங்கு ஒரே நேரத்தில் இத்தனை இடங்களிலும் கைமாறிக்கொண்டிருக்கிறது. எந்த இடம் என்பதை, நீங்கள் குறிப்பாகச் சொல்லாதவரை, உங்களுக்காக வேறொருவர் முடிவு செய்கிறார். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

இசிஎன் என்றால் என்ன?

மின்னணுத் தகவல் வலையமைப்பு. வாங்குபவர்கள், விற்பவர்கள் போடும் லிமிட் ஆர்டர்களை (இந்த விலைக்கு மேல் வாங்காதே, அல்லது இதற்குக் கீழ் விற்காதே என்று எல்லை வைக்கும் ஆர்டர்கள்) ஒரு கணினியில் வரிசையாக வைத்து, விலை பொருந்தியவுடன் தானாகவே இணைத்துவிடும். அந்த வரிசைக்குப் பெயர்தான் 'ஆர்டர் புக்'. நடுவில் நின்று தன் கைக்காசைப் போட்டு வாங்கி விற்கும் டீலர் கிடையாது. இணைத்துவைத்ததற்குப் பங்குக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அந்த 'ஆர்டர் புக்' உள்ளே எப்படி இருக்கும்?

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வலையமைப்பில் காலை 9:41-க்கு விற்க நிற்பவர்கள் இப்படி இருக்கிறார்கள்: 40.10 டாலருக்கு 100 பங்கு, அதே 40.10-க்கு, ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்த, 200 பங்கு, 40.11-க்கு 300, 40.15-க்கு 1,000. வாங்கும் பக்கத்தில் 40.07-க்கு 500, 40.06-க்கு 400. வாங்குபவர் தர ஒப்புக்கொள்ளும் மிக உயர்ந்த விலைதான் பிட். விற்பவர் கேட்கும் மிகக் குறைந்த விலை ஆஸ்க். இங்கே பிட் 40.07, ஆஸ்க் 40.10, நடுவில் இருக்கும் 3 சென்ட்தான் ஸ்பிரெட்.

இப்போது நீங்கள் '40.11 வரை 500 பங்கு வாங்கு' என்று லிமிட் ஆர்டர் போடுகிறீர்கள். முதலில் 40.10-ல் முன்னால் நிற்பவரின் 100, அடுத்து அவருக்குப் பின்னால் நிற்பவரின் 200, பிறகு 40.11-ல் 200. ஆக 500 முடிந்தது. சராசரி விலை 40.104 டாலர். லிமிட் 40.11 என்று போட்டதால் எல்லாமே 40.11-க்கு வாங்கப்படும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடக்காது. ஏற்கெனவே வரிசையில் நிற்பவரின் விலைதான் செல்லுபடியாகும், உங்கள் லிமிட் வெறும் மேல் எல்லை.

லிமிட்டை 40.10 என்று போட்டிருந்தால்? 300 கிடைக்கும். மீதி 200 அந்த வலையமைப்பின் புக்கிலேயே 40.10 பிட்டாகப் போய் நிற்கும். ஒரு நொடிக்கு முன்புவரை அடுத்தவர் சொன்ன விலையை எடுத்துக்கொண்டிருந்தீர்கள், இப்போது விலை சொல்பவராக மாறிவிட்டீர்கள். இனி விற்க வருபவர் உங்களிடம் வர வேண்டும். இந்த மாற்றம் கட்டணத்தையும் மாற்றும், அதைப் பிறகு பார்ப்போம்.

வரிசையின் விதி இரண்டே. நல்ல விலை சொன்னவர் முதலில், ஒரே விலையானால் முன்னே வந்தவர் முதலில். அதனால்தான் ஆர்டரின் விலையை மாற்றினாலோ அளவைக் கூட்டினாலோ உங்கள் இடம் போய்விடும், வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவீர்கள். அளவைக் குறைத்தால் பொதுவாக இடம் தப்பிக்கும்.

திரையில் 40.10 என்று இருந்தது. எனக்கு 40.12-க்கு மேல் விழுந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக நீங்கள் மார்க்கெட் ஆர்டர் போட்டிருப்பீர்கள், அதாவது எல்லை எதுவும் சொல்லாமல், கிடைக்கும் விலைக்கு உடனே முடி என்ற ஆர்டர். மேலே சொன்ன புக்கிலேயே 1,000 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போனால், 300 பங்கு 40.10-க்கும், 300 பங்கு 40.11-க்கும், மீதி 400 பங்கு 40.15-க்கும் விழும். சராசரி 40.123. யாரும் ஏமாற்றவில்லை. திரையில் தெரிந்த 40.10 முதல் 300 பங்குக்கு மட்டுமான விலை. விலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண்ணிக்கை இருக்குமே, அதை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் எண் ஏற்கெனவே பழையது. எல்லா எக்ஸ்சேஞ்சுகளின் சிறந்த பிட்டையும் ஆஸ்க்கையும் சேர்த்துக் கணக்கிட்டு, அது உங்கள் செயலிக்கு வந்து, நீங்கள் படித்து, விரலை அழுத்துவதற்குள் ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் போட்டு ரத்தாகியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், நன்றாகப் புழங்கும் பெரிய பங்கில் 20, 30 வாங்குவதற்கு மார்க்கெட் ஆர்டர் பரவாயில்லை. மற்ற எல்லா இடத்திலும் லிமிட்தான். உடனே முடியவேண்டும் என்றால் ஆஸ்க்குக்கு ஒன்றிரண்டு சென்ட் மேலே லிமிட் போடுங்கள். மார்க்கெட் ஆர்டர் மாதிரியே வேலை செய்யும், ஆனால் மேலே ஒரு தடுப்பு இருக்கும்.

300 கேட்டேன், 37-தான் கிடைத்தது. மீதி என்ன ஆகும்?

மீதி 263 புக்கில் காத்திருக்கும், நீங்கள் 'நாள் ஆர்டர்' போட்டிருந்தால் அன்றைய வர்த்தகம் முடியும் வரை. எதிர்ப்பக்கத்தில் அந்த நேரத்தில் அந்த விலைக்கு 37 பங்குதான் இருந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

கமிஷன் வசூலித்த காலத்தில் இது எனக்குக் காசு இழப்பாகவே முடிந்திருக்கிறது. இதே 37 கதைதான். மீதியை ரத்து செய்யாமல் 'ரத்து செய்யும் வரை செல்லும்' ஆர்டராக விட்டுவைத்தேன், மறுநாள் நிறைவேறியது. அப்போதைய புரோக்கர் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் கமிஷன் போட்டுவிட்டார். ஒப்பந்தத்தில் அது எழுதித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

பாதி நிறைவேறுவது பிடிக்காது என்றால் அதற்கான குறிப்புகள் உண்டு. ஐஓசி என்று போட்டால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மீதியை அந்த நொடியே ரத்து செய்துவிடும். எஃப்ஓகே என்றால் முழுவதும் கிடைத்தால்தான், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். சாதாரண முதலீட்டாளருக்கு இவை அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

இந்த வலையமைப்புகள் எப்படி வந்தன? டீலர்களே போதாதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் வலையமைப்பு இன்ஸ்டிநெட், 1969-ல் தொடங்கியது. பெரிய நிதி நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கி விற்க அது பயன்பட்டது. பொதுமக்களுக்கு அங்கே இடமில்லை. 1971 பிப்ரவரியில் நாஸ்டாக் வந்தது. அதுவும் ஆரம்பத்தில் விலையைக் காட்டும் திரைதான். வாங்க வேண்டுமானால் மார்க்கெட் மேக்கருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். 1987 அக்டோபர் 19 அன்று சந்தை சரிந்தபோது நாஸ்டாக் டீலர்கள் பலர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. அதன்பிறகு சிறு ஆர்டர்களைத் தானாக நிறைவேற்றும் எஸ்ஓஇஎஸ் என்ற அமைப்பில் டீலர்கள் பங்கேற்றே ஆகவேண்டும் என்றானது.

பெரிய அடி 1994-ல் விழுந்தது. அன்று பங்கு விலைகள் டாலரில் எட்டில் ஒரு பங்காகச் சொல்லப்பட்டன, அதாவது 12.5 சென்ட் படிகளில். வில்லியம் கிறிஸ்டி, பால் ஷுல்ட்ஸ் என்ற இரண்டு நிதியியல் பேராசிரியர்கள் சுறுசுறுப்பாகப் புழங்கிய 100 நாஸ்டாக் பங்குகளைப் பார்த்தபோது, 70 பங்குகளில் ஒற்றைப்படை எட்டுகளில் யாரும் விலையே சொல்வதில்லை என்று கண்டார்கள். எட்டில் ஒன்று, எட்டில் மூன்று என்ற விலைகளையே காணோம். அப்படியானால் ஸ்பிரெட் எப்போதும் குறைந்தது 25 சென்ட். டீலர்கள் பேசிவைத்துக்கொண்டார்களோ என்ற கேள்வி எழுந்தது. நாளிதழ்களில் செய்தி வந்த கையோடு மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ போன்ற பங்குகளில் அந்த ஒற்றைப்படை விலைகள் திடீரென்று திரும்பி வந்துவிட்டன! பின்னர் டீலர் நிறுவனங்கள் வழக்கை முடித்துக்கொள்ள 100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தன.

எஸ்இசி 1996-ல் ஆர்டர் கையாளும் விதிகளைக் கொண்டுவந்தது. 1997 ஜனவரியிலிருந்து அமல். டீலர் காட்டும் விலையைவிட வாடிக்கையாளரின் லிமிட் ஆர்டர் நல்ல விலையாக இருந்தால் அதை டீலர் காட்டியே ஆகவேண்டும், அல்லது அதைக் காட்டும் ஓர் இசிஎன்னுக்கு அனுப்ப வேண்டும். இசிஎன்னில் நிற்கும் சிறந்த விலை நாஸ்டாக் திரையில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதுவரை டீலர் பெயர்களுக்கு மட்டுமே இடமிருந்த 'லெவல் 2' திரையில் ஐஎஸ்எல்டி, ஏஆர்சிஏ, ஐஎன்சிஏ என்ற நான்கெழுத்துகள் வரிசையாக முளைத்தன. அவை ஐலண்ட், ஆர்க்கிபெலாகோ, இன்ஸ்டிநெட். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் யாரோ ஒரு சாதாரண வாடிக்கையாளரின் ஆர்டர் இருக்கலாம்.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஐலண்ட். ஜோஷ் லெவின் என்ற நிரலாளர் எழுதியது, 1996-ல் ஓட ஆரம்பித்தது. பெரிய கணினிகள் இல்லாமல் சாதாரண பிசிக்களை வைத்தே ஓட்டினார்கள். தன் ஆர்டர் புக்கை இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்று இலவசமாகத் திறந்துவைத்ததும் ஐலண்ட்தான். ஆர்டர் அனுப்பும் நெறிமுறைக்கு 'அவுச்', தகவல் வாங்கும் நெறிமுறைக்கு 'இட்ச்' என்று பெயர் வைத்தார்கள். வலியும் அரிப்பும். நாஸ்டாக்கில் இன்றும் அந்தப் பெயர்களே ஓடுகின்றன.

அப்படியானால் ஐலண்ட், ஆர்க்கிபெலாகோ எல்லாம் இப்போது எங்கே?

எதிர்த்து வந்தவற்றையே பழைய சந்தைகள் உள்ளே இழுத்துக்கொண்டன. ஐலண்டை 2002-ல் இன்ஸ்டிநெட் வாங்கியது. இரண்டும் சேர்ந்து உருவான ஐநெட்டை 2005-ல் நாஸ்டாக் வாங்கி, தன் சொந்த வர்த்தக எந்திரத்துக்குப் பதில் அதையே வைத்துக்கொண்டது. ஆர்க்கிபெலாகோ 2006-ல் நியூயார்க் பங்குச்சந்தையோடு இணைந்தது. கான்ஸஸில் இசிஎன்னாகத் தொடங்கிய பேட்ஸ் 2008-ல் எக்ஸ்சேஞ்ச் ஆனது, 2017-ல் சிபோ அதை வாங்கியது. எனவே இன்று 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர் இருந்தாலும் உள்ளே ஓடுவது இசிஎன் பாணிப் புக்தான்.

என் ஆர்டர் போன இடத்தைவிட வேறொரு இடத்தில் நல்ல விலை இருந்தால்?

அதற்குத்தான் 2005-ல் கொண்டுவந்து 2007-ல் அமலான ரெகுலேஷன் என்எம்எஸ் என்ற எஸ்இசி விதித்தொகுப்பு. அதன் 611-வது விதிப்படி, வேறொரு எக்ஸ்சேஞ்சில் உடனே எடுக்கக்கூடிய நல்ல விலை திரையில் தெரியும்போது, அதைத் தாண்டி மோசமான விலையில் ஆர்டரை நிறைவேற்றக்கூடாது. மேலே சொன்ன உதாரணத்துக்கே வாருங்கள். உங்கள் ஆர்டர் போன இடத்தில் ஆஸ்க் 40.11, பக்கத்து எக்ஸ்சேஞ்சில் 40.10 இருக்கிறது என்றால், போன இடம் ஆர்டரை அங்கே தள்ளிவிட வேண்டும், அல்லது 'முடியாது' என்று திருப்பி அனுப்ப வேண்டும். நல்ல ரவுட்டர் இதற்குக் காத்திருக்காது. ஆர்டரைத் துண்டுகளாக்கி எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடும். இதற்கென்றே 'ஐஎஸ்ஓ' என்ற குறி உண்டு. மற்ற இடங்களின் நல்ல விலைகளுக்கும் நான் ஆர்டர் அனுப்பிவிட்டேன், நீ உன்னிடம் இருப்பதைப் பார்த்து நிறைவேற்று என்பதுதான் அதன் பொருள்.

பாதுகாப்பில் ஓட்டைகளும் உண்டு. ஒவ்வோர் எக்ஸ்சேஞ்சிலும் முதல் விலைக்கு மட்டும்தான் பாதுகாப்பு, பின்னால் நிற்கும் விலைகளுக்குக் கிடையாது. மறைத்துவைக்கப்பட்ட ஆர்டர்களுக்கு இல்லை. வழக்கமான நேரமான காலை 9:30 முதல் மாலை 4:00 வரைக்கு வெளியே இல்லை.

கட்டணம் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்?

புக்கில் வந்து காத்திருந்து விலை சொன்னவருக்குச் சந்தை காசு கொடுக்கும். வந்து அதை எடுத்தவரிடம் வசூலிக்கும். 'மேக்கர்–டேக்கர்' என்பார்கள். வசூலிப்பதற்கு ரெகுலேஷன் என்எம்எஸ் வைத்த உச்சவரம்பு பங்குக்கு 0.003 டாலர், அதாவது 1,000 பங்குக்கு 3 டாலர். கொடுக்கும் தள்ளுபடி பொதுவாக அதைவிடச் சற்றுக் குறைவு. அந்த இடைவெளிதான் சந்தையின் வருமானம். 2024 செப்டம்பரில் எஸ்இசி இந்த உச்சவரம்பை 0.001 டாலராகக் குறைக்க முடிவு செய்தது. நடைமுறைத் தேதி அதன்பிறகு தள்ளிப்போடப்பட்டது.

இதையே தலைகீழாகச் செய்யும் சந்தைகளும் இருக்கின்றன. எடுப்பவருக்குக் காசு, காத்திருப்பவரிடம் கட்டணம்.

இதனால் உங்களுக்கென்ன? கட்டணத்தை உங்களிடம் தனியாகக் கேட்காத புரோக்கர் அதைத் தன் கையிலிருந்து கட்டுகிறார், தள்ளுபடி வந்தால் தானே வைத்துக்கொள்கிறார். உங்கள் லிமிட் ஆர்டரை எங்கே நிறுத்திவைப்பது என்று அவர் முடிவெடுக்கும்போது, அதிகத் தள்ளுபடி தரும் இடமும் அவர் கண்ணில் படத்தானே செய்யும்? அந்த இடத்தில் வரிசை நீளமாக இருந்தால், விலை உங்கள் லிமிட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கும், உங்கள் ஆர்டர் மட்டும் அப்படியே நிற்கும்.

கமிஷன் இல்லை என்கிறார்களே, பிறகு புரோக்கர் எப்படிப் பிழைக்கிறார்?

பல வழிகள். அதில் சர்ச்சைக்குரியது, ஆர்டர்களை அனுப்பிவைப்பதற்காக மார்க்கெட் மேக்கரிடமிருந்து புரோக்கர் காசு வாங்குவது. சிட்டாடல் செக்யூரிட்டீஸ், விர்ட்டு போன்ற 'ஹோல்சேலர்'கள் சில்லறை வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை விரும்பி வாங்குகின்றன. காரணம் எளிது. 30 பங்கு வாங்கும் ஒருவருக்கு அடுத்த நொடி விலை எங்கே போகும் என்று தெரியாது. பெரிய நிதி நிறுவனத்தின் ஆர்டருக்குப் பின்னால் இன்னும் இரண்டு லட்சம் பங்கு வரிசையில் நிற்கலாம். முதல் வகை ஆர்டரை எதிர்கொள்வதில் டீலருக்கு ஆபத்து குறைவு.

ஆபத்து குறைவதால் டீலருக்கு மிஞ்சுவதில் ஒரு துளி உங்களுக்கும் வரும். ஆஸ்க் 40.10 என்று இருக்கும்போது உங்களுக்கு 40.0985 என்று விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்ட்டுக்குக் கீழே இப்படி விலை சொல்லிப் புக்கில் ஆர்டர் வைக்க யாருக்கும் அனுமதியில்லை. ஆனால் அந்த விலையில் நிறைவேற்றலாம். அப்படி ஓர் எண் வந்தால், அநேகமாக ஆர்டர் எக்ஸ்சேஞ்ச் புக்கைப் பார்க்காமலேயே ஒரு ஹோல்சேலரிடம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இது நல்லதா கெட்டதா? ஆதரிப்பவர்கள் விலை மேம்பாட்டைக் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள், புரோக்கர் காசு வாங்காமல் இருந்தால் அந்த மேம்பாடு இன்னும் அதிகமாக இருந்திருக்கும் என்பார்கள். 2020 டிசம்பரில் ராபின்ஹுட் என்ற கமிஷன் இல்லாத புரோக்கர் நிறுவனம் இந்த விஷயத்தில் எஸ்இசிக்கு 6.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை வாடிக்கையாளர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை, சிறந்த விலைக்கான கடமையைச் செய்யவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். நிறுவனம் அவற்றை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சில பங்கு வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம் செய்யாது என்பது என் எண்ணம். தினமும் வாங்கி விற்பவர்தான் கணக்குப் போட வேண்டும்.

டார்க் பூல் என்றால் இருட்டு வியாபாரமா?

சட்டப்படி பதிவு செய்தவைதான். ஆர்டர் காத்திருக்கும்போது வெளியே தெரியாது, அதுதான் 'இருட்டு'. முடிந்த வியாபாரம் உடனே பொதுப் பதிவில் வந்துவிடும். 5 லட்சம் பங்கு விற்க நினைக்கும் நிதி நிறுவனம் அதை வெளிச்சத்தில் வைத்தால் விலை அடுத்த நொடியே ஓடிவிடுமே. பெரும்பாலும் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நட்ட நடுவில் முடிப்பார்கள்.

வேகம், மைக்ரோவிநாடி என்கிறார்களே, எனக்கு அது முக்கியமா?

உங்களுக்கு இல்லை. ஆனால் சுவாரசியமானது. மைக்ரோவிநாடி என்பது ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 'வால் ஸ்ட்ரீட்' என்று சொல்லிக்கொண்டாலும் வியாபாரம் உண்மையில் நடப்பது நியூஜெர்சியில். நியூயார்க் பங்குச்சந்தையின் கணினிகள் மாவாவில், நாஸ்டாக்கினுடையவை கார்ட்டரெட்டில், சிபோவினுடையவை சீகாக்கஸில். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோவிநாடி ஆகும். உங்கள் ரவுட்டர் மூன்று ஊருக்கும் ஒரே நேரத்தில் ஆர்டர் அனுப்பினாலும், அது முதலில் போய்ச் சேரும் ஊரில் நடந்ததைப் பார்த்து, அடுத்த ஊருக்கு உங்களுக்கு முன்னே ஓடிப் போய் விலையை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காக மைக்ரோவேவ் கோபுரங்களே கட்டியிருக்கிறார்கள்.

இதற்கு ஐஇஎக்ஸ் கண்டுபிடித்த மருந்து வேடிக்கையானது. சுமார் 61 கிலோமீட்டர் நீள இழையை ஒரு பெட்டிக்குள் சுருட்டி வைத்து, வரும் ஆர்டர்கள் எல்லாம் அதன் வழியாகவே வரவேண்டும் என்று செய்துவிட்டார்கள். 350 மைக்ரோவிநாடி தாமதம். 2016-ல் எஸ்இசி அதை எக்ஸ்சேஞ்சாகவே அங்கீகரித்தது.

மாலை 4 மணிக்குப் பிறகு ஆர்டர் போடலாமா?

காலை 4:00 முதல் 9:30 வரையும், மாலை 4:00 முதல் இரவு 8:00 வரையும் மின்னணுப் புக்குகள் திறந்திருக்கும். எந்த நேரம்வரை அனுமதி என்பது உங்கள் புரோக்கரைப் பொறுத்தது. ஆட்கள் குறைவு, ஸ்பிரெட் அகலம். பகலில் 3 சென்ட்டாக இருந்த ஸ்பிரெட் 60 சென்ட் ஆகியிருக்கும். காலாண்டு முடிவு வெளியான ஐந்தாவது நிமிடத்தில் திரையில் தெரியும் விலையை நம்பி ஓடாதீர்கள், அது 10 பங்கு கைமாறிய விலையாக இருக்கலாம். பொதுவாக இந்த நேரத்தில் லிமிட் ஆர்டர்தான் ஏற்பார்கள். நல்லதுதான்.

ஸ்டாப் லாஸ் போட்டால் அந்த விலைக்குக் கண்டிப்பாக விற்றுவிடும்தானே?

இல்லை. ஸ்டாப் என்பது ஒரு தூண்டுவிசை. விலை அந்த எண்ணைத் தொட்டதும் அது மார்க்கெட் ஆர்டராக மாறிவிடும், எதிரே என்ன பிட் இருக்கிறதோ அதற்கு விற்கும். 38-ல் ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள், கெட்ட செய்தி வந்து பங்கு மறுநாள் 33-ல் திறக்கிறது என்றால் 33-க்குத்தான் போகும்.

இதன் உச்சத்தை 2010 மே 6 பிற்பகலில் பார்த்தோம். சில நிமிடங்களில் டோ ஜோன்ஸ் குறியீடு அன்றைய ஏற்றத்தாழ்வில் கிட்டத்தட்ட 1,000 புள்ளி விழுந்து பெரும்பகுதி மீண்டது. அந்த இடைவெளியில் அக்சென்ச்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. மார்க்கெட் மேக்கர்கள் 'விலை சொல்லியே ஆகவேண்டும்' என்ற கடமைக்காக, யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்து ஒரு சென்ட்டில் பிட் வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த பிட்டுகள் எல்லாம் காலியானதும் மார்க்கெட் ஆர்டர்கள் சல்லென்று கீழே இறங்கி அதில் போய் மோதின. 60 சதவீதத்துக்கு மேல் விலகி நடந்த 20,000-க்கும் அதிகமான வர்த்தகங்கள் பின்னர் ரத்து செய்யப்பட்டன. 60-க்குள் விழுந்தவர்களுக்கு அது கூட இல்லை.

அதன்பிறகு அப்படிப்பட்ட ஒப்புக்கு வைக்கும் விலைகள் தடை செய்யப்பட்டன. 2013 முதல் ஒவ்வொரு பங்குக்கும் மேல் கீழ் வரம்புகள் வந்தன. வரம்பில் 15 விநாடி சிக்கிக்கொண்டால் அந்தப் பங்கின் வர்த்தகம் 5 நிமிடம் நிற்கும். இருந்தாலும் ஸ்டாப் ஆர்டரோடு ஒரு லிமிட்டையும் சேர்த்துப் போடும் வசதி இருக்கிறது. அதன் ஆபத்து வேறு: விலை லிமிட்டையும் தாண்டி விழுந்தால் விற்பனையே ஆகாது. இரண்டில் எந்தப் பயம் உங்களுக்குப் பெரிது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரத்து செய்தேன், ஆனாலும் ஆர்டர் நிறைவேறிவிட்டது. எப்படி?

'ரத்து செய்' என்பதும் ஒரு செய்திதான். ஆர்டர் போன அதே வழியில் அதுவும் போய்ச் சேர வேண்டும். அதற்குள் எதிர்ப்பக்கத்துக்காரர் வந்துவிட்டால் முடிந்தது. திரையில் 'ரத்து நிலுவையில்' என்று இருக்கும்வரை ஆர்டர் உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறுமையின்மையில் அதே பங்குக்கு இன்னொரு ஆர்டர் போட்டு, இரண்டும் நிறைவேறி, இரட்டிப்பாக வாங்கி முழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் ஆர்டரை எந்தச் சந்தைக்கு அனுப்புவது என்று நானே தேர்வு செய்யலாமா?

சில புரோக்கர்கள் அனுமதிப்பார்கள், 'டைரக்ட் ரவுட்டிங்' என்று மெனுவில் இருக்கும். கட்டணமும் தள்ளுபடியும் அப்போது உங்கள் கணக்கிலேயே வரும். ஒரே இடத்துக்கு அனுப்பிவிட்டு அங்கே ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் உங்கள் பொறுப்பே. ஒரே நாளில் பலமுறை வாங்கி விற்பவராக இல்லாவிட்டால் தேவையில்லை.

சரி, என் ஆர்டர் உண்மையில் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. எஸ்இசியின் 606-வது விதிப்படி ஒவ்வொரு புரோக்கரும் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிட வேண்டும். ஆர்டர்களில் எத்தனை சதவீதம் எந்த இடத்துக்குப் போனது, அந்த இடத்திலிருந்து எவ்வளவு காசு வந்தது என்று மார்க்கெட் ஆர்டர், லிமிட் ஆர்டர் வாரியாக அதில் இருக்கும். புரோக்கரின் தளத்தில் மிக அடியில், பொடி எழுத்தில் தேடுங்கள்.

அதைவிட ஒரு படி மேலே, கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் போட்ட ஆர்டர்கள் ஒவ்வொன்றும் எங்கே அனுப்பப்பட்டன, எத்தனை மணிக்கு நிறைவேறின என்று எழுதிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் முதலில் எடுப்பவருக்கு நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்றே தெரியாமல் இருக்கலாம். '606 விதிப்படி' என்ற சொல்லைக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

பங்கு எப்போது முழுமையாக என்னுடையதாகும்?

அடுத்த வேலை நாளில். 2024 மே 28-க்கு முன் இரண்டு வேலை நாள் ஆனது. வெள்ளிக்கிழமை வாங்கினால் திங்கட்கிழமை, திங்கள் விடுமுறையானால் செவ்வாய்.